மலையில் வயதான நாய்க்கு இடுப்பு மூட்டு வலி: வீட்டிலேயே என்ன பயிற்சி கொடுக்கலாம்?

அரவேணு_வீடு

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இருக்கிறோம். எங்கள் மணி லேப்ரடார் கலப்பு, பத்து வயது தாண்டிவிட்டான். மழை தொடங்கியதிலிருந்து காலையில் எழுந்திருக்கவே சிரமப்படுகிறான். முன்கால் இரண்டையும் ஊன்றி விடுகிறான், பின்பாகம் கூட வருவதில்லை. பத்து நிமிடம் நடந்தபின் கொஞ்சம் சரியாகிறது, சாயங்காலம் மறுபடியும் நொண்டல்.

கோயம்புத்தூரில் எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பு மூட்டு சின்ன வயதிலிருந்தே கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது, அதனால் இப்போது தேய்மானம் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மெலாக்சிகாம் என்ற வலி மருந்து எழுதிக் கொடுத்து, வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்குக் கூட்டிவரச் சொன்னார். அத்தனை முறை மலை இறங்கி ஏற எங்களால் முடியாது. கொண்டை ஊசி வளைவு ஏறினாலே அவனுக்கு வாந்தி வேறு.

அப்பா தினமும் ராத்திரி நீலகிரித் தைலம் தேய்த்துவிடுகிறார். பக்கத்து வீட்டு அண்ணன், நாம் போடும் வலி மாத்திரையில் பாதி கொடுத்தால் போதும் என்கிறார். இதெல்லாம் செய்யலாமா? வீட்டில் வைத்து வேறு என்ன செய்தால் அவனுக்கு வலி குறையும்?

மஞ்சூர்_மேடு

எடை எவ்வளவு இருக்கிறான்? வீட்டுத் தரை என்ன, டைல்ஸா? ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படி இருக்கிறதா? இதைச் சொல்லுங்கள் முதலில்.

அரவேணு_வீடு

39 கிலோ. ஹாலில் டைல்ஸ், சமையலறையில் ரெட் ஆக்சைடு. ரோட்டிலிருந்து வீட்டுக்குக் கீழ்நோக்கிக் கல்படி இருக்கிறது, மழையில் பாசி பிடிக்கும்.

குன்னூர்_கால்நடை_டாக்டர்

அரவேணு, தைலத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அப்பா அன்போடுதான் செய்கிறார், சந்தேகமில்லை. ஆனால் நாய் தேய்த்த இடத்தை நக்கும். யூகலிப்டஸ் எண்ணெய் வயிற்றுக்குள் போனால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், தள்ளாடும், அளவு கூடினால் வலிப்பு கூட வரலாம். இங்கே கடைக்குக் கடை விற்கும் விண்டர்கிரீன் தைலமும் அப்படித்தான். அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். தோல் வழியாகவே உள்ளே போகும், நக்கினால் இன்னும் வேகமாகப் போகும். ஏற்கெனவே மெலாக்சிகாம் சாப்பிடும் நாய்க்கு அதுவும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரும். வீட்டில் பூனை இருந்தால் தைலம் தேய்த்த நாயின் பக்கத்திலேயே படுக்க விடாதீர்கள். இந்த மாதிரிப் பொருட்களைக் கழிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

அடுத்து மாத்திரை. மனிதர்களுக்கான மெலாக்சிகாம் 7.5 மில்லிகிராம், 15 மில்லிகிராம் என்று வரும். நாய்க்குத் தொடர்ந்து கொடுக்கும் அளவு ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 5 கிலோ பொமரேனியனுக்கு ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம்தான். மெடிக்கலில் வாங்கி "பாதி" உடைத்துக் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்கு வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் பூனைக்கு எமன், ஒரே மாத்திரையில் உயிர் போகும். இந்த ஒன்றையாவது எல்லோரும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

உங்கள் டாக்டர் எழுதிய மருந்தை அவர் சொன்ன அளவில், சாப்பாட்டோடு கொடுங்கள். சாப்பிட மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ நிறுத்திவிட்டு அவருக்குப் போன் செய்யுங்கள். மாதக்கணக்கில் தொடர வேண்டியிருந்தால் நடுவில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், கிட்னியும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று தெரிய வேண்டும்.

பயிற்சி பற்றி ராத்திரி விரிவாக எழுதுகிறேன்.

ஹட்டிக்காரன்

டாக்டரம்மா, மன்னிக்கணும். எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பாட்டன் காலத்திலிருந்து எருமைக்கும் மாட்டுக்கும் சுளுக்கு என்றால் தைலம்தான். ஒன்றும் ஆனதில்லையே?

குன்னூர்_கால்நடை_டாக்டர்

மன்னிப்பெல்லாம் எதற்குங்க. கேட்க வேண்டிய கேள்விதான். எருமை 400 கிலோ இருக்கும், தோல் தடிமன், ஒரு கரண்டித் தைலம் அதற்கு ஒன்றுமே இல்லை. அதே கரண்டி 4 கிலோ பூனையின் மேல் பட்டால், அது உடம்பு முழுக்க நக்கிச் சுத்தம் செய்யும்போது அத்தனையும் வயிற்றுக்குள் போய்விடும். பெரியவர்கள் பார்த்ததும் உண்மை, நான் பார்ப்பதும் உண்மை. உண்மையில் அவர்கள் தேய்த்ததில் பலன் தந்தது பெரும்பாலும் அந்தத் தேய்ப்பும் சூடும்தான். அதை வெறுங்கையாலேயே செய்யலாம்.

மசினகுடி_மேய்ச்சல்

டைக்ளோஃபெனாக் பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் வேறெங்கும் இப்படி ஒரு கூட்டம் மிஞ்சவில்லை. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் கிட்னி போய்ச் செத்தன. அதனால்தான் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை 2006லேயே அரசு தடை செய்தது. 2023ல் கீட்டோபுரொஃபனும் அசிக்ளோஃபெனாக்கும் சேர்ந்தன. மெலாக்சிகாம் கழுகுகளுக்கு ஆபத்தில்லாதது. மாடு வைத்திருப்பவர்கள் மருந்துக் கடையில் வேறு ஏதாவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். நாயைப் பற்றிய இழைதான், தெரியும். ஆனால் மருந்து ஒன்றுதானே.

அரவேணு_வீடு

அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துக் காட்டியதும் அப்பா தைலப் பாட்டிலை மேல் அலமாரியில் வைத்துவிட்டார். டாக்டரம்மா எழுதியதற்குக் கூட இவ்வளவு அசையவில்லை, கழுகு என்றதும் அசைந்துவிட்டார். அவருக்குப் பறவை என்றால் உயிர்.

குன்னூர்_கால்நடை_டாக்டர்

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். அவருக்கு வேறு வேலை தருகிறேன்.

முதலில் தரை. வழுக்கும் தரையில் மணி ஒவ்வொரு முறை எழும்போதும் பின்கால் இரண்டும் அகன்று போகும், அந்த இழுப்பிலேயே மூட்டு மறுபடியும் வீங்கும். எத்தனை மருந்து கொடுத்தாலும் இது நிற்காமல் வலி நிற்காது. அவன் படுக்கும் இடம், சாப்பாட்டுத் தட்டு, வாசல், இந்த மூன்றையும் இணைத்து ஒரு பாதை மாதிரி ரப்பர் பாயோ பழைய சணல் சாக்கோ விரியுங்கள். ஓரம் மடங்காமல் அடியில் டேப் ஒட்டுங்கள். நகத்தை வெட்டுங்கள், பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியையும் கத்தரித்து விடுங்கள். முடி மூடிய பாதம் டைல்ஸில் பிடிக்காது. கல்படிப் பாசியை பிரஷ் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். படுக்கை தரையோடு தரையாக வேண்டாம், ஈரக்குளிர் ஏறாதபடி பலகை போட்டு அதன் மேல் மெத்தை.

ஒத்தடம்: வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, உங்கள் மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுகமாக இருந்தால் அவனுக்கும் சரி. இடுப்பின் மேல் 10, 15 நிமிடம். புதிதாக அடிபட்ட இடத்துக்குச் சூடு கூடாது, முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ்தான். மணிக்கு இருப்பது பழைய தேய்மானம், அதனால் சூடு நல்லது, அதுவும் காலையில் எழுப்புவதற்கு முன்னால். அப்புறம் உள்ளங்கையால் பாதத்திலிருந்து தொடை வரை மெதுவாக மேல்நோக்கி நீவி விடுங்கள். இதுதான் அப்பாவின் வேலை.

பிறகு மூட்டை அசைப்பது. மணியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அசைக்கும் கால் மேலே இருக்கட்டும். இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணை. ஒரு கை முழங்காலுக்கு மேலே தொடையைத் தாங்க வேண்டும், இன்னொரு கை கீழே கணுக்கால் பக்கம். கால் முழுவதும் உங்கள் கையில் கனமாகக் கிடக்கும்வரை காத்திருங்கள், அவன் இறுக்கிப் பிடித்திருக்கும்போது தொடங்காதீர்கள். மெதுவாக மடக்கி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, மெதுவாகப் பின்னால் நீட்டுங்கள். சைக்கிள் மிதிக்க வைக்க வேண்டாம், அவசரமும் வேண்டாம். ஒரு காலுக்குப் பத்துப் பதினைந்து முறை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. அவன் தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தாலோ, உதட்டை நக்கினாலோ, தொடைச் சதை விறைத்தாலோ அங்கேயே எல்லை. கத்தும் வரை போகக் கூடாது. நாய் கத்துவது கடைசியில்தான். இவை எல்லாம் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

சதையை வளர்க்க எனக்குப் பிடித்தது உட்கார்ந்து எழுவது. சுவர் மூலையில் நிறுத்துங்கள், மோசமான கால் சுவர்ப் பக்கம் இருக்கட்டும், அப்போது காலை வெளியே பரப்பி ஏமாற்ற முடியாது. கையில் தீனி வைத்து உட்கார வை, எழ வை. ஐந்து முறையில் தொடங்கி வாரம் வாரம் கூட்டுங்கள்.

நடை பற்றி நம் ஊருக்கே உரிய ஒன்று. மேட்டில் ஏறும்போது எடை பின்காலுக்குப் போகும், இறங்கும்போது முன்காலுக்கு வரும். இடுப்பு பலவீனமான நாய்க்குச் சின்ன ஏற்றத்தில் கயிறு போட்டு மெதுவாக ஏற்றுவது நல்ல பயிற்சி. இறங்கும்போது நேராக இறக்காமல் தேயிலைச் சரிவில் நாம் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதுபோல் வளைத்துக் கூட்டி வாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் வேகம். வேகமாகப் போனால் நாய் வலிக்கும் காலைத் தூக்கிக்கொண்டு குதித்துப் போய்விடும். மெதுவாகப் போனால் நான்கு காலையும் ஊன்றியே ஆக வேண்டும். 5 நிமிடம், 10 நிமிடம் எனப் பலமுறை போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஒரு மணி நேரம் கூட்டிப் போவது கெடுதல்.

மஞ்சூர்_மேடு

நடையை வெயில் ஏறிய பின் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையும் இருட்டும் வேளையும் சிறுத்தை நடமாட்டம் உண்டு. நொண்டும் நாய் ஓடித் தப்பாது. எங்கள் பக்கம் மதியம் 11லிருந்து 3 மணிக்குள்தான் எல்லோரும் நாயை வெளியே விடுகிறோம்.

அப்புறம் 39 கிலோ மணிக்கு அதிகம் இல்லையா?

குன்னூர்_கால்நடை_டாக்டர்

அதிகம்தான், அதைத் தனியாக எழுத நினைத்திருந்தேன். விலா எலும்பின் மேல் கையை வைத்தால் அழுத்தாமலேயே எலும்பு தட்டுப்பட வேண்டும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது. மூட்டுவலி உள்ள குண்டு நாய்கள் எடையில் 6 சதவீதம் போல இறங்கினாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. மணிக்கு அது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. டீக்கு வர்க்கி பிஸ்கட் எடுத்தால் அவனுக்கும் ஒன்று போடும் பழக்கம் நம் மலையில் எல்லா வீட்டிலும் உண்டு. அதில் மைதாவும் கொழுப்பும்தான். வர்க்கிக்குப் பதில் கேரட் துண்டு போடுங்கள், ஊட்டி கேரட்டுக்கு என்ன குறை.

அரவேணு_வீடு

வர்க்கி காலை ஒன்று மாலை ஒன்று. இனி கேரட்.

தண்ணீருக்குள் நடக்க வைக்கும் மிஷின் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பதில் இங்கே ஓடையில் இறக்கலாமா?

குன்னூர்_கால்நடை_டாக்டர்

வேண்டாம். அந்த மிஷினில் தண்ணீர் வெதுவெதுப்பாக, 30 டிகிரி சுற்றி இருக்கும். இடுப்பு வரை தண்ணீர் நின்றால் நாயின் கால்கள் தாங்குவது அதன் எடையில் 38 சதவீதம்தான், முழங்கால் வரை நின்றால் 85 சதவீதம். அதனால்தான் வலி இல்லாமல் காலை வீசி நடக்கிறது. நம் ஓடை உறைகிற குளிர், சதை இறுகும், கல் வழுக்கும். கோயம்புத்தூர் போகும் நாட்களில் மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், மற்ற நாளுக்கு மேலே எழுதியது போதும்.

வெலிங்டன்_பென்ஷனர்

எங்கள் டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி, ஒரே இரவில் பின்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு வந்தது. மேலே டாக்டரம்மா எழுதிய பயிற்சிகளைப் படித்துவிட்டு யாராவது இப்படித் திடீரென்று விழுந்த நாய்க்குச் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். முதுகுக்கு முதல் மருந்து அசையாமல் இருப்பது. கூண்டுக்குள்ளேயே வாரக்கணக்கில் வைத்திருந்தோம். சிறுநீர் தானாகப் போகாமல் டாக்டர் காட்டிக் கொடுத்தபடி வயிற்றை அழுத்தி எடுத்தோம். என் மனைவி கூண்டுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள். இப்போது நடக்கிறது, நடை கொஞ்சம் ஆட்டம்தான். சோபாவில் ஏறாதபடி குறுக்கே நாற்காலி வைத்திருக்கிறோம்.

குன்னூர்_கால்நடை_டாக்டர்

சார் சொன்னது மிக முக்கியம். திடீரென்று கால் விழுந்தால் அது அவசரம். பின்கால் விரலை அழுத்திக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்வது மட்டும் போதாது, திரும்பிப் பார்க்க வேண்டும் அல்லது கத்த வேண்டும். அந்த உணர்வே இல்லையென்றால் அறுவைக்கு அன்றைக்கே கிளம்புங்கள், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. உணர்வில்லாத காலுக்கு வெந்நீர்ப் பையும் வைக்காதீர்கள், வெந்தாலும் அதற்குத் தெரியாது.

கூடலூர்_பூனைவீடு

பூனைக்கும் மூட்டுவலி வருமா டாக்டரம்மா? எங்கள் பதிமூன்று வயதுப் பூனை நொண்டவில்லை. ஆனால் பரணில் ஏறுவதை விட்டுவிட்டது, முதுகின் பின்பக்க முடி சடை சடையாக இருக்கிறது. மணல் தட்டுக்குள் ஏறாமல் அதன் பக்கத்திலேயே மலம், சிறுநீர் போய்விடுகிறது.

குன்னூர்_கால்நடை_டாக்டர்

நீங்கள் எழுதிய மூன்றுமே வலியின் அடையாளங்கள். பூனை நொண்டாது, செய்து வந்த வேலையை ஒவ்வொன்றாக விட்டுவிடும். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த ஓர் ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. முதுகு வளைத்து நக்க முடியாததால் முடி சடையாகிறது. தட்டின் விளிம்பு உயரமாக இருப்பதால் கால் தூக்கிப் போட வலிக்கிறது. ஒரு பக்கத்து விளிம்பை வெட்டித் தாழ்வாக்குங்கள். பரணுக்கு ஏறும் வழியில் பாதி உயரத்தில் ஒரு பெட்டியும் அதற்குக் கீழே ஒரு ஸ்டூலும் வையுங்கள், சின்னச் சின்னத் தாவலாக ஏறட்டும். மருந்துக்கு முன்னால் கிட்னி பார்க்காமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வயதான பூனைக்குக் கிட்னிக் கோளாறு சகஜம்.

கொடை_மூஞ்சிக்கல்

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் மதுரைக்கு இறங்கினால்தான் ஸ்பெஷலிஸ்ட். அக்குபங்சர், லேசர் என்று சொல்கிறார்களே, காசு கொடுத்துச் செய்யலாமா? குளுக்கோசமைன் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறோம்.

குன்னூர்_கால்நடை_டாக்டர்

லேசரும் அக்குபங்சரும் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் செய்தால் சில நாய்களுக்கு வலி குறைவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எடை, தரை, மருந்து, பயிற்சி நான்கும் நடக்காமல் அவற்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். லேசர் போடும்போது நாய்க்கும் உங்களுக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி வேண்டும், கட்டி இருக்கும் இடத்தில் போடக் கூடாது. குளுக்கோசமைனுக்கு ஆதாரம் மிகப் பலவீனம். ஒமேகா 3 உள்ள மீன் எண்ணெய்க்கு அதைவிட நல்ல ஆதாரம் உண்டு. காட் லிவர் ஆயில் வேறு, அதில் வைட்டமின் ஏ அதிகம், அதை வாங்கிவிடாதீர்கள்.

நேரில் போக முடியாத எல்லோருக்கும்: போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள். பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, படுக்கையிலிருந்து எழும்போது ஒன்று. ஆஸ்பத்திரி மேஜையில் பயத்தில் நிற்கும் நாய் நொண்டலை மறைத்துவிடும். வீட்டு வீடியோவில் அது மறையாது.

சேரிங்கிராஸ்_ஆட்டோ

டாக்டரம்மா, ஸ்டாண்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சோறு போடும் தெருநாய் ஒன்று, வண்டியில் அடிபட்டு இடுப்பு மூட்டு நழுவிவிட்டது. தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்து ஆபரேஷன் செய்தார்கள். சின்ன நாய்தான், பத்துக் கிலோ இருக்கும். தையல் ஆறிவிட்டது, ஆனால் காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது. மூன்று காலில் ஜாலியாகச் சுற்றுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

குன்னூர்_கால்நடை_டாக்டர்

விடாதீர்கள் அண்ணா. எலும்பின் தலை போன இடத்தில் சதையும் நாரும் சேர்ந்து புது மூட்டாக உருவாக வேண்டும். அந்தக் காலம் முழுவதும் கால் அசைந்துகொண்டே இருந்தால்தான் அது நெகிழ்வாக அமையும். சும்மா விட்டால் இறுகிப்போகும், தொடை சூம்பிவிடும். சின்ன நாய்க்கு இந்த ஆபரேஷன் நன்றாகவே பலன் தரும். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வலி மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் பயிற்சி, வலியோடு செய்தால் காலை இன்னும் தூக்கிக்கொள்ளும்.

மேலே மணிக்கு எழுதிய மடக்கி நீட்டும் பயிற்சியை இதற்கும் செய்யலாம், குறிப்பாகப் பின்னால் நீட்டுவது. நிற்கும்போது நல்ல காலை ஒரு நொடி லேசாகத் தூக்குங்கள், எடை தானாக இந்தக் காலுக்கு வரும். பிறகு கயிறு போட்டு மிக மெதுவான நடை, லேசான ஏற்றத்தில். துடைப்பக் குச்சிகளை நாயின் நீளத்துக்கு ஒன்று வீதம் தரையில் போட்டுத் தாண்டி நடக்க வையுங்கள். ஓட்டமும் மற்ற நாய்களோடு கட்டிப் புரள்வதும் இப்போதைக்குக் கூடாது.

சேரிங்கிராஸ்_ஆட்டோ

ஷிஃப்ட் போட்டுச் செய்கிறோம். முன்னேறுகிறதா என்று எப்படித் தெரியும்?

குன்னூர்_கால்நடை_டாக்டர்

தையல்காரர் டேப் ஒன்று வாங்குங்கள். நாய் நிற்கும்போது இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில், இடுக்குக்குப் பக்கத்தில் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். ஷிஃப்டில் யார் இருந்தாலும் அளப்பது ஒரே ஆளாக இருக்கட்டும், இறுக்கிப் பிடிப்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். படியில் ஏற்ற வேண்டி வந்தால் வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துப் பின்பாகத்தைத் தாங்குங்கள். ஆண் நாய் என்றால் சிறுநீர் போகும் இடத்தை அழுத்தாமல் துண்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும்.